வண்டி கொடுத்தால் போதுமா?

நிகரகுவா போரில் முளைத்து, பாஸ்டனில் வேர்விட்டு, கானா வரை போன ஒரு சைக்கிள் பட்டறையின் கதை

1984-இன் தொடக்கத்தில் நிகரகுவா நாட்டுத் துறைமுகங்களில் கண்ணிவெடிகள் வைக்கப்பட்டன. வைத்தது அமெரிக்காவின் சி.ஐ.ஏ. சொமோசா குடும்பத்தின் நாற்பதாண்டுச் சர்வாதிகாரத்தை 1979 ஜூலையில் விரட்டிவிட்டு ஆட்சிக்கு வந்த சாண்டினிஸ்டாக்களை ரீகன் அரசுக்கு அறவே பிடிக்கவில்லை. அவர்களை எதிர்த்த கான்ட்ரா படைகளுக்குப் பணமும் ஆயுதமும் போய்க்கொண்டிருந்தன. 1985 மே மாதம் வணிகத் தடையும் வந்து சேர்ந்தது.

அதே அமெரிக்காவில், அதே 1984-இல், நம் அரசு அந்த நாட்டுக்குக் குண்டு அனுப்பினால் நாம் சைக்கிள் அனுப்புவோம் என்று சிலர் கிளம்பினார்கள். இயக்கத்துக்கு வைத்த பெயரிலேயே சண்டை இருந்தது: 'பைக்ஸ் நாட் பாம்ஸ்'. தொடங்கியவர்களில் ஒருவர் மைக்கேல் ரெப்லாகிள், போக்குவரத்துத் திட்ட வல்லுநர். இன்னொருவர் கார்ல் குர்ஸ், சைக்கிள் மெக்கானிக். ஒருவருக்கு வரைபடம் தெரியும், மற்றவருக்கு ஸ்பேனர் தெரியும். இந்தக் கதையில் கடைசிவரை நின்றது ஸ்பேனர்தான் என்பது என் கணிப்பு.

போர் நடக்கும் நாட்டுக்கு மருந்து அனுப்பலாம், உணவு அனுப்பலாம். சைக்கிள் எதற்கு? நிகரகுவாவின் அன்றைய நிலைமையைப் பார்த்தால் காரணம் புரியும். தலைநகர் மனாகுவாவின் மையப்பகுதி 1972 டிசம்பர் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. அதன்பிறகு ஊர் ஒரு நடு இல்லாமல் நாலாபக்கமும் சிதறி வளர்ந்தது. எங்கே போவதானாலும் தூரம். பேருந்துக்கும் லாரிக்கும் உதிரிபாகம் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும், வணிகத் தடை வந்ததும் அதுவும் நின்றது. கிராமங்களிலோ வேறு விதமான நெருக்கடி. 1980-இல் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கிராமங்களுக்குப் போய் எழுதப்படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். நாட்டின் பாதிப்பேர் எழுத்தறியாதவர்கள் என்ற நிலை அந்த ஒரே ஆண்டில் வெகுவாக மாறியது. தொடர்ந்து பள்ளி ஆசிரியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் ஊர் ஊராகப் போகவேண்டியிருந்தது. பெட்ரோல் கேட்காத, ரேஷன் கேட்காத வண்டி அவர்களுக்குத் தேவைப்பட்டது.

அமெரிக்காவிலோ சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு சைக்கிள் மோகம் அடித்தது. 1973-இல் மட்டும் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்றன. அந்த ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வேறு. பெரியவர்களே பத்து கியர் வண்டி வாங்கி ஓட்டினார்கள். மோகம் இரண்டு மூன்று வருடத்தில் வடிந்தது, வண்டிகள் கார் ஷெட்டின் மூலைக்குப் போயின. பத்து வருடம் கழித்து டயரில் காற்று இல்லை, செயினில் துரு. ஆனால் ஃபிரேம் அப்படியே இருந்தது. தூக்கிப்போட மனமில்லை, ஓட்டவும் ஆளில்லை. கேட்டவர்களுக்கு மக்கள் சும்மா கொடுத்தார்கள்.

வண்டி சேர்ப்பது சுலபம். அனுப்புவதுதான் வேலை. பெடல் இரண்டையும் கழற்ற வேண்டும். இடப்பக்க பெடலுக்கு எதிர்மறை மரை, தெரியாதவர் திருப்பினால் இன்னும் இறுகிக்கொள்ளும். ஸ்டெம்மைத் தளர்த்தி ஹேண்டில்பாரை ஃபிரேமோடு ஒட்டித் திருப்ப வேண்டும். இருக்கையை அடிமட்டத்துக்கு இறக்க வேண்டும். இப்படித் தட்டையாக்கி ஒன்றின் தலைமாட்டில் இன்னொன்றின் கால்மாடு வருகிறமாதிரி அடுக்கினால் 40 அடி கண்டெய்னரில் நானூறு, ஐந்நூறு வண்டி பிடிக்கும். இடுக்குகளில் டயர், டியூப், செயின், பழைய சக்கரம் என்று திணிப்பார்கள். கண்டெய்னருக்கு வாடகை ஒன்றுதான், உள்ளே காற்றை அனுப்பக் காசு கொடுக்க யாருக்கு மனம் வரும்?

வண்டி போய்ச் சேர்ந்த பிறகுதான் உண்மையான பாடம் தொடங்கியது. மெல்லிய டயர் போட்ட பத்து கியர் வண்டி அமெரிக்காவின் தார்ச்சாலைக்குப் பிறந்தது. செம்மண் பாதையில் மழைக்காலத்தில் அது எத்தனை நாள் தாங்கும்? பின்சக்கரத்தில் செயின் பக்கத்து ஸ்போக் உடைந்தால் மாற்ற ஃப்ரீவீலைக் கழற்றவேண்டும். அதைக் கழற்றும் கருவி கம்பெனிக்கு ஒரு மாதிரி. கருவி இல்லையென்றால் வண்டி மறுபடியும் மூலைக்குத்தான் போகும், இந்தமுறை நிகரகுவா மூலைக்கு. கண்டெய்னரில் போன இரும்பைவிடக் கூடவே போன மெக்கானிக்குகளும் அவர்கள் அங்கே அமைத்த பட்டறைகளும்தான் முக்கியம் என்று இயக்கத்துக்கு உறைத்தது. உள்ளூர்க்காரர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தார்கள். வண்டியை அசெம்பிள் செய்வதும் பழுது பார்ப்பதும் விற்பதும் அவர்கள் கைக்கு மாறின.

போர் நடந்த மண்ணுக்குப் போவது விளையாட்டல்ல. அந்த ஆண்டுகளில் நிகரகுவாவுக்கு உதவப் போன அமெரிக்கர்களில் பென் லிண்டர் என்ற இளம் பொறியாளரும் ஒருவர். இந்த இயக்கத்தைச் சேர்ந்தவர் அல்ல, சிறு நீர்மின் நிலையம் கட்டப்போனவர். ஒற்றைச் சக்கர சைக்கிளில் கோமாளி வேடம் போட்டுத் தடுப்பூசி முகாமுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவருவார். 1987 ஏப்ரலில் வடக்கு மலைப்பகுதியில் கான்ட்ராக்கள் அவரைக் கொன்றார்கள். வயது 27.

தெருவில் விட்ட வண்டிகள்

சும்மா வண்டி கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நிகரகுவாவுக்குப் போகாமலே கற்றுக்கொண்ட ஊர்களும் உண்டு. 1965-இல் ஆம்ஸ்டர்டாமில் 'ப்ரோவோ' என்ற கலகக்கார இளைஞர்கள் சைக்கிள்களுக்கு வெள்ளையடித்து, பூட்டாமல், யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டட்டும் என்று தெருவில் விட்டார்கள். யோசனை லூட் ஸ்கிம்மல்பென்னிங்க் என்பவருடையது. பூட்டாத சைக்கிளைத் தெருவில் விடுவது சட்டப்படி தவறு என்று போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. முப்பது ஆண்டு கழித்து, 1994-இல், அமெரிக்காவின் போர்ட்லாண்டில் அதே யோசனை மஞ்சள் வண்ணத்தில் வந்தது. 1997-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரமும் மஞ்சள் சைக்கிள் விட்டது. ஒன்றிரண்டு மாதம் ஊர் கொண்டாடியது. பிறகு டயர் பஞ்சரானது, யாரும் ஒட்டவில்லை. யாருடையதும் இல்லாத வண்டிக்கு யார் எண்ணெய் போடுவார்கள்? பாதி காணாமல் போனது, மீதி ஓடையில் கிடந்தது.

ஆஸ்டினில் ஒன்று மட்டும் பிழைத்தது. மஞ்சள் வண்டிகளைப் பழுது பார்க்க வைத்திருந்த பட்டறை. பொதுமக்கள் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து தாங்களே ரிப்பேர் செய்துகொள்ளும் இடமாக அது மாறியது. 'யெல்லோ பைக் புராஜெக்ட்' என்ற பெயர் மட்டும் பழைய கனவின் நினைவாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு சந்தேகம் எழும். சைக்கிள் ரிப்பேருக்கு ஒரு சமூக இயக்கமா? நம்மூரில் தெருமுனைக்கு ஒரு பஞ்சர் கடை. புளியமரத்தடியில் ஒரு பம்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, சொல்யூஷன் ட்யூப் போதும். தமிழ்நாடு அரசு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுத்துவருகிறது. அந்தத் திட்டம் நின்று நிலைத்ததில் அரசாணைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அந்தப் பஞ்சர் கடைக்காரருக்கும் உண்டு. கணக்கில் அவர் பெயர் வராது என்பது வேறு விஷயம். அமெரிக்காவில் அந்தக் கடைக்காரர் இல்லை. அங்கே கூலி அதிகம், ஒரு பழைய வண்டியை ஓவராயில் செய்யும் செலவு வண்டியின் விலையையே தாண்டிவிடும். அதனால் வண்டி குப்பைக்குப் போகும், புதிது வாங்குவார்கள். வாங்க வசதியில்லாதவர் நடப்பார். கையில் காசில்லாதவரும் வண்டி ஓட்டவேண்டுமென்றால் அவரே ரிப்பேர் செய்யத் தெரிந்துகொள்வதைத் தவிர வழியில்லை. கூட்டுப் பட்டறை அங்கே முளைத்த காரணம் இதுதான்.

பாஸ்டனுக்குத் திரும்பியது

1990 பிப்ரவரித் தேர்தலில் சாண்டினிஸ்டாக்கள் தோற்றார்கள். வயலெட்டா சமோரோ அதிபரானார், அமெரிக்கத் தடை நீங்கியது. எதிர்ப்பதற்கென்று தொடங்கிய இயக்கங்கள் பல, எதிரி இல்லாமல் போனதும் கலைந்துவிடும். இது கலையவில்லை. அதற்குள் அந்த இயக்கத்துக்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு பட்டறை நிறைய வண்டியும் வேலை தெரிந்த கைகளும் சேர்ந்திருந்தன. பட்டறைக்கு வெளியே ஊர் எரிந்துகொண்டிருந்தது. 1990-இல் பாஸ்டனில் 152 கொலைகள். செத்தவர்களிலும் கொன்றவர்களிலும் பலர் ராக்ஸ்பரி, டார்செஸ்டர் போன்ற ஏழைப் பகுதிகளின் இளைஞர்கள். மனாகுவாவுக்குச் செய்ததை ஜமைக்கா பிளெயினில் ஏன் செய்யக்கூடாது என்ற கேள்வி வந்தது இயல்புதான். ஜமைக்கா பிளெயின் என்பது பாஸ்டனுக்குள்ளேயே ஒரு பகுதி, கரீபியன் தீவல்ல.

அப்படி உருவானது 'எர்ன் எ பைக்'. உழைத்துச் சம்பாதித்துக்கொள் என்று அர்த்தம். பதின்ம வயதுப் பிள்ளை பட்டறைக்கு வந்து, குவிந்து கிடக்கும் பழைய வண்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். வாரக்கணக்கில் வகுப்பு. வண்டியை அக்கக்காகப் பிரித்து, துடைத்து, கிரீஸ் போட்டு, திரும்பப் பூட்ட வேண்டும். சாலையில் எப்படி ஓட்டுவது என்பதும் பாடம். முடித்தால் வண்டி அந்தப் பிள்ளைக்கே சொந்தம்.

வளைந்த சக்கரத்தில் கோட்டம் எடுப்பதைப் பார்த்தால் இந்த முறை ஏன் வேலை செய்கிறது என்று தெரியும். சக்கரத்தைச் சுழற்றினால் ரிம் ஓரிடத்தில் மட்டும் இடது பிரேக் கட்டையை உரசும். அந்த இடத்தில், ஹப்பின் வலப்பக்கத்திலிருந்து வரும் ஸ்போக்கைக் கால் சுற்று முறுக்க வேண்டும், இடப்பக்கத்திலிருந்து வருவதைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். மறுபடி சுழற்றிப் பார்க்க வேண்டும். முதல் நாள் பையன் பொறுமை இல்லாமல் ஒரே முறுக்காக முறுக்குவான். இடப்பக்க உரசல் நிற்கும், வலப்பக்கம் உரசும். அதைச் சரிசெய்யப் போனால் ரிம் முட்டை வடிவமாகும். அரைமணி நேரத்தில் சக்கரம் வந்ததைவிட மோசமாகும். சொல்லித்தருகிறவருக்குக் கை அரிக்கும். ஸ்பேனரை அவர் வாங்கினால் இரண்டே நிமிட வேலை. ஆனால் வாங்கக்கூடாது. ஸ்பேனரை மாணவன் கையிலிருந்து பிடுங்காதே என்பது இத்தகைய பட்டறைகளில் எழுதாத சட்டம். எல்லா ஸ்போக்கையும் தளர்த்தி ஆரம்பத்திலிருந்து வரச்சொல்வார். கால் சுற்று, சுழற்று, பார். கால் சுற்று, சுழற்று, பார். ஒரு கட்டத்தில் ரிம்முக்கும் கட்டைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி சுற்று முழுக்க ஒரே சீராக ஓடும். அந்த வண்டியைப் பூட்டாமல் தெருவில் விட அவனிடம் சொல்லிப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பும் பிறகு வந்தது. தேவைப்பட்டது. பட்டறை என்றாலே தெரிந்த ஆண் ஒருவன் குறுக்கே வந்து, "விடு, நான் பண்றேன்" என்று ஸ்பேனரை வாங்கிக்கொள்ளும் வழக்கம் பாஸ்டனிலும் உண்டு. அது பார்க்க உபகாரம் போலிருக்கும். வாங்கிக்கொண்டவன் கற்றுக்கொள்வான், கொடுத்தவள் நின்று பார்ப்பாள்.

அடுக்களையில் ஒரு பட்டறை

அமெரிக்காவின் மறுகரையில், காருக்கென்றே கட்டிய லாஸ் ஏஞ்சலஸில், இதே எண்ணம் வேறொரு வாசல் வழியாக வந்தது. 'எக்கோ வில்லேஜ்' என்ற கூட்டுக் குடியிருப்பில் 2002-இல் ஒரு காலி அபார்ட்மெண்டின் சமையலறையில் சைக்கிள் கூரியராக இருந்த ஜிம்மி லிசாமாவும் நண்பர்களும் கருவிகளைப் பரப்பினார்கள். அடுப்பு இருந்த இடத்தில் ரிப்பேர் ஸ்டாண்டு. 'பைசிக்கிள் கிச்சன்' என்று பெயர், ஸ்பானிஷ் பேசும் அக்கம்பக்கத்தாருக்கு 'பிசிகோசினா'. சொல்லித்தரும் தன்னார்வலர்களைச் சமையல்காரர்கள் என்றே கூப்பிட்டார்கள். இடம் போதாமல் கடைக்கு மாறினாலும் பெயர் மாறவில்லை. அதே ஊரில் அடுத்து வந்தவர்கள் தங்கள் பட்டறைக்கு 'பைக் அவன்' என்று வைத்தார்கள், இன்னொரு கோஷ்டி 'பைக்கரோவேவ்' என்றது. சான்பிரான்சிஸ்கோவிலும் வியன்னாவிலும் கிச்சன்கள் வந்தன. ஸ்வீடனின் மால்மோவிலும் கோதன்பர்க்கிலும் சைக்கிள் அடுக்களைகள். பிரான்சில் இவற்றுக்கென ஒரு தேசியக் கூட்டமைப்பே இருக்கிறது. 2004 முதல் 'பைக் பைக்' என்ற பெயரில் இந்தப் பட்டறைக்காரர்கள் கூடிப் பேசுகிறார்கள். முதல் கூட்டம் நியூ ஆர்லியன்ஸில்.

இவர்களில் பலரும் ஆசானாகக் காட்டுவது சிந்தனையாளர் இவான் இல்லிச்சை. எழுபதுகளில் அவர் போட்ட ஒரு கணக்கு பிரசித்தம்: ஒரு சராசரி அமெரிக்கர் காரை ஓட்டவும் அதற்கான தவணை, காப்பீடு, பெட்ரோலுக்குச் சம்பாதிக்கவும் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் செலவிட்டு 7,500 மைல் போகிறார். வகுத்தால் மணிக்கு ஐந்து மைல்கூட இல்லை. சைக்கிள் வேகம்கூடக் கிடையாது. கணக்கில் வாதிட இடமுண்டு. ஆனால் அவர் சொன்ன இன்னொன்று பட்டறைக்கு நேராகப் பொருந்தும்: பயன்படுத்துகிறவருக்குப் புரியாத கருவி அவரை ஆளத் தொடங்கிவிடும்.

பாஸ்டன் பட்டறையின் கண்டெய்னர்கள் இதற்கிடையே புதிய திசைகளில் போய்க்கொண்டிருந்தன. குவாத்தமாலாவின் சான் அந்திரேஸ் இட்சாபா ஊரில் 'மாயா பெடல்' என்ற அமைப்பு, ஓட்டத் தகுதியில்லாத சைக்கிள்களை வைத்து மக்காச்சோளம் அரைக்கும் இயந்திரம், தண்ணீர் இறைக்கும் பம்பு, மிக்சி எல்லாம் செய்கிறது. ஏறி உட்கார்ந்து பெடல் மிதித்தால் மிக்சி ஓடும், மின்வெட்டுக் கவலை இல்லை. கானாவின் கோஃபோரிதுவாவில் மாற்றுத்திறனாளிகள் தாங்களே நடத்தும் கூட்டுறவு சைக்கிள் கடை 'அபிலிட்டி பைக்ஸ்' இந்தப் பட்டறையின் துணையோடு வந்தது.

கானாவிலேயே 1999-இல் தொடங்கிய 'வில்லேஜ் பைசிக்கிள் புராஜெக்ட்' வண்டியைச் சும்மா கொடுப்பதில்லை. ஒரு நாள் ரிப்பேர் வகுப்பில் உட்கார்ந்தவருக்குப் பாதி விலையில் வண்டி. மெக்கானிக்குகளுக்குக் கருவிகள் சலுகை விலையில். இலவசமாகக் கொடுக்கிறவர்களுக்கு இது கஞ்சத்தனமாகத் தெரியலாம். எனக்குத் தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கியவர் வண்டியை மழையில் நிறுத்தமாட்டார்.

இந்தத் தொழிலில் வெளியே அதிகம் பேசாத ஒரு பக்கமும் உண்டு. தானமாக வருவதில் பாதி தானத்துக்கு லாயக்கில்லாதது. பெரிய கடைகளில் மலிவாக விற்கும் வண்டிகளில் பிரேக் லீவர் பிளாஸ்டிக், ஷாக் அப்சார்பர் என்ற பெயரில் ஒரு ஸ்பிரிங், உடைந்தால் மாற்ற உதிரிபாகமே கிடையாது. அதைக் கண்டெய்னரில் ஏற்றினால் நம் குப்பையைக் கப்பல் கூலி கொடுத்து அடுத்தவன் வீட்டில் கொட்டுவதாகும். நல்ல பட்டறை வந்த வண்டியை வாசலிலேயே தரம் பிரிக்கும். போகக்கூடியது ஒரு பக்கம், உள்ளூரில் விற்கக்கூடியது ஒரு பக்கம், மீதியில் பயன்படும் பாகங்களைக் கழற்றிக்கொண்டு இரும்புக் கடைக்கு. விற்ற காசில்தான் வகுப்பும் வாடகையும் நடக்கும். சக்கர அளவும் ஒரு தலைவலி. 26 அங்குலம் என்று டயரில் எழுதியிருக்கும், ஆனால் அந்தப் பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவுகள் நாலைந்து உண்டு. போய்ச்சேரும் ஊரின் கடையில் டயர் கிடைக்காத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அனுப்பக்கூடாது.

இப்போது பட்டறைகளின் வாசலில் நிற்பது மின்சார சைக்கிள். செயின், பிரேக், சக்கரம் வரைக்கும் பழைய கதைதான். மோட்டாரும் பேட்டரியும் மூடி முத்திரையிட்ட பெட்டிக்குள் இருக்கின்றன. பல மாடல்களில் கம்பெனி மென்பொருள் இல்லாமல் உள்ளே என்ன கோளாறு என்றே பார்க்கமுடியாது. பேட்டரியைத் திறந்து கற்றுக்கொடுப்பதும் ஸ்போக் முறுக்கக் கற்றுக்கொடுப்பதும் ஒன்றல்ல. நியூயார்க்கில் 2023-இல் லித்தியம் பேட்டரித் தீ விபத்துகளில் 18 பேர் இறந்தார்கள். அதனால் பல பட்டறைகள் பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வண்டியை மட்டும் கொண்டுவரச் சொல்கின்றன. சில, மின்சார வண்டியையே எடுப்பதில்லை. உணவு டெலிவரி செய்து பிழைக்கும் புலம்பெயர்ந்த தொழிலாளி ஓட்டுவது இப்போது அந்த வண்டியைத்தான். அவருக்குப் பஞ்சர் ஒட்டித்தருகிற பட்டறை, மோட்டார் நின்றால் என்ன செய்யும் என்பதைப் பட்டறைக்காரர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.